கையில் இல்லாத டிக்கெட்டை விற்பது எப்படி?

அக்கா மகள் பெங்களூருக்கு ஓர் இசை நிகழ்ச்சி பார்க்கப் போனாள். தனக்கும் தோழிக்குமாக இரண்டு டிக்கெட். இணையத்தில் மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கியது, அசல் விலையைப்போல இரண்டரை மடங்கு. மாலை ஆறரைக்கு எனக்குப் போன் வந்தது.

“சித்தி, உள்ளே விட மாட்டேங்கிறாங்க. ஏற்கெனவே ஸ்கேன் ஆயிடுச்சாம்.”

அவள் போனில் இருந்தது ஒரு பிடிஎஃப். பெயர், தேதி, கேட் எண், கியூஆர் கட்டம் எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. ஆனால் அதே கட்டத்தைக் காட்டி வேறு யாரோ இருபது நிமிடம் முன்னால் உள்ளே போயிருந்தார்கள். “போலி டிக்கெட்டா?” என்று கேட்டேன். அப்புறம் யோசித்தபோதுதான் கேள்வியே தப்பு என்று தெரிந்தது. டிக்கெட் அசல்தான். அந்த ஒரு அசலைப் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள்.

தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்ற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கவுன்ட்டர் திறந்ததும் முண்டியடித்து வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே விலை சொல்லிக்கொண்டு நடப்பார்கள். விலை அநியாயம்தான். ஆனாலும் காசு கொடுத்த கையில் டிக்கெட் வந்துவிடும், ஐந்து நிமிடத்தில் நாம் நாற்காலியில் இருப்போம். இணைய மறுவிற்பனையையும் அதே வியாபாரம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். என் அக்கா மகளும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: தியேட்டர் வாசல் ஆளிடம் டிக்கெட் இருந்தது. இணையத்தில் விற்பவரிடம் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாம் காசு கொடுத்து வாங்குவது, “நிகழ்ச்சிக்கு முன்னால் உனக்கு ஒரு டிக்கெட் தந்துவிடுவேன்” என்று முகம் தெரியாத ஒருவர் சொல்லும் சொல்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

யார் எதை விற்கிறார்கள்

ஒரு நிகழ்ச்சியை நடத்துபவர், டிக்கெட் விற்க ஒரு நிறுவனத்தை அமர்த்துவார். விலையை நிர்ணயிப்பது நடத்துபவர். விற்று, கணக்கு வைத்து, வாசலில் ஸ்கேன் செய்ய ஏற்பாடு செய்வது அந்த நிறுவனம். இது முதல் விற்பனை. அங்கே வாங்கியவர், போக முடியாமலோ லாபத்துக்காகவோ இன்னொருவருக்கு விற்றால் அது மறுவிற்பனை. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்து இரண்டு பக்கமும் கமிஷன் எடுக்கும் தளங்கள்தாம் மறுவிற்பனைத் தளங்கள். பொதுவாக, அவர்களிடம் சொந்தமாக ஒரு டிக்கெட்கூடக் கிடையாது. வீட்டைக் காட்டாமலே அட்வான்ஸ் வாங்கும் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலக அளவில் இதில் பெரிய பெயர்கள் இரண்டு. ஸ்டப்ஹப் 2000-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே 2006-ல் லண்டனில் வயாகோகோவைத் தொடங்கினார். 2020-ல் வயாகோகோ 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஸ்டப்ஹப்பை வாங்கிக்கொண்டது. தன்னிடம் டிக்கெட்டே வைத்திராத ஒரு வியாபாரத்துக்கு இவ்வளவு மதிப்பு!

நம் ஊரில் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரியவந்தது கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழு வந்தபோதுதான். 2025 ஜனவரியில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் நடந்த நிகழ்ச்சிகளுக்கு 2024 செப்டம்பர் 22, ஞாயிறு நண்பகலில் புக்மைஷோவில் விற்பனை தொடங்கியது. டிக்கெட் 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை. தளம் திணறியது. உள்ளே நுழைய முடிந்தவர்களுக்கும் ‘உங்களுக்கு முன்னால் இத்தனை லட்சம் பேர்’ என்று திரையில் எண் வந்தது. கூட்டத்தைப் பார்த்து மூன்றாவது நாள் நிகழ்ச்சி சேர்த்தும் போதவில்லை. தட்கல் நேரத்தில் பத்து மணிக்குப் போனோடு உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அன்றே வயாகோகோ, கிக்ஸ்பெர்க் போன்ற தளங்களில் அதே நிகழ்ச்சிக்கு லட்சங்களில் விலை போட்ட டிக்கெட்டுகள் தென்பட்டன. அவர்களுக்கும் தங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று புக்மைஷோ அறிவித்து, போலீசிலும் புகார் கொடுத்தது. அடுத்த மாதம் அமலாக்கத் துறை டெல்லி, மும்பை, ஜெய்ப்பூர், பெங்களூரு, சண்டிகரில் சோதனை நடத்தியது. கோல்ட்பிளேயோடு பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்சின் நிகழ்ச்சி டிக்கெட்டுகளும் அந்த விசாரணையில் இருந்தன. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக, போலி டிக்கெட் உட்பட விற்றவர்கள் இருப்பதாக அந்தத் துறை சொன்னது.

லட்சத்தில் விலை போட்டிருந்தது என்றால் லட்சத்துக்கு விற்றது என்று அர்த்தமில்லை. யாரும் எந்த விலையும் போட்டுவைக்கலாம். செய்திகளில் வந்த பெரிய எண்கள் பலவும் கேட்ட விலைதான். ஆனால் அந்த எண்களைப் பார்த்த கண்ணுக்கு, 2,500 ரூபாய் டிக்கெட்டை 15,000 ரூபாய்க்குக் கொடுத்தால் அது மலிவு என்று தோன்றிவிடும். அந்தக் கூச்சல் விலைகளுக்கு அதுதான் வேலை என்று எனக்குத் தோன்றும்.

இல்லாததை விற்கும் கணக்கு

சில நிகழ்ச்சிகளுக்கு, முதல் விற்பனையே தொடங்கும் முன் மறுவிற்பனைத் தளத்தில் டிக்கெட் தென்படும். அது எப்படி? ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நானாக வைப்பவை.

ஒருவர் டிக்கெட் ஏதும் வாங்காமலே ‘மேடைக்கு அருகே நிற்கும் பகுதி, 20,000 ரூபாய்’ என்று போட்டுவைக்கிறார். நீங்கள் பணம் கட்டிவிட்டீர்கள். நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் இருக்கிறது. இந்த மூன்று மாதத்தில் எங்கிருந்தாவது ஒரு டிக்கெட்டை 8,000-க்கு வாங்கி உங்களுக்கு அனுப்பினால் அவருக்கு லாபம் 12,000. நாள் நெருங்க நெருங்க, போக முடியாதவர்கள் விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. பல நேரம் அது பலிக்கும், டிக்கெட் வந்துசேரும், நீங்களும் ‘நல்ல தளம்’ என்று நாலு பேரிடம் சொல்வீர்கள்.

விலை ஏறினால்தான் வம்பு. சந்தையில் அதே டிக்கெட் 35,000 ஆகிவிட்டால் அதை வாங்கி, 20,000 மட்டும் கட்டிய உங்களுக்குக் கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்தா? காணாமல் போய்விடுவார். தளம் அவருக்கு அபராதம் போடும் என்று விதி இருக்கும். உங்களுக்கு மாற்று டிக்கெட் தேடித்தருவதாக மின்னஞ்சல் வரும். அதுவும் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும். இந்தச் செய்தி பெரும்பாலும் கடைசி நாளிலோ கடைசி மணி நேரத்திலோ வருவதற்குக் காரணம் இதுதான். கடைசி நிமிடம் வரை விலை இறங்காதா என்று அவர் காத்திருந்திருக்கிறார், உங்கள் செலவில்.

பங்குச் சந்தை பழக்கம் உள்ளவர்கள் இதை ஷார்ட் அடிப்பது என்பார்கள். அங்கே அதற்கு விதிகளும் கண்காணிப்பும் உண்டு. டிக்கெட் விஷயத்தில், பிரிட்டனின் லீட்ஸ் நகர நீதிமன்றம் 2020-ல் இரண்டு பேரைச் சிறைக்கு அனுப்பியது. ஒருவருக்கு நான்கு ஆண்டு, இன்னொருவருக்கு இரண்டரை ஆண்டு. பல பெயர்களில், மென்பொருள் வைத்து டிக்கெட்டை மொத்தமாக அள்ளியதோடு, கையில் இல்லாத டிக்கெட்டையும் விற்றார்கள் என்பது வழக்கு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் இப்படிக் கையில் இல்லாததை விற்பதையே 2024-ல் தடைசெய்தது.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. விற்பவரிடம் நிஜமாகவே டிக்கெட் இருந்தால், எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த எண் என்று சொல்ல முடியும். இல்லாதவர் ‘கீழ்த்தளம்’, ‘பகுதி சி’ என்று மழுப்புவார். நிற்கும் பகுதிகளுக்கு இருக்கை எண்ணே கிடையாது என்பதால் இந்தச் சோதனை அங்கே உதவாது. அதிகம் ஏமாற்றப்படும் இடமும் அதுதான் என்பது என் சந்தேகம். பிரிட்டனில் 2015-லேயே நுகர்வோர் சட்டத்தில், மறுவிற்பனையில் வரிசை, இருக்கை, அசல் விலை மூன்றையும் காட்ட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

பதற்றம் எப்படி உண்டாக்கப்படுகிறது

என் அக்கா மகள் அந்தத் தளத்தில் பார்த்தது: ‘கடைசி இரண்டு டிக்கெட்’, ‘இதை 14 பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’, மேலே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். பணம் கட்டும் கடைசித் திரையில்தான் கட்டணம், சேவை, வரி என்று மேலும் சில ஆயிரம் ஏறியது. அதற்குள் கார்டு எண் எல்லாம் போட்டாகிவிட்டது. கடிகாரம் ஒரு நிமிடத்துக்குக் கீழே வந்துவிட்டது. சரி போ, என்று அழுத்திவிட்டாள்.

ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி ஒரு வழக்கு நீதிமன்றம் வரை போனது. வயாகோகோ தன்னை ‘அதிகாரபூர்வம்’ என்று விளம்பரம் செய்ததும், ‘1 சதவீதத்துக்கும் குறைவான டிக்கெட்டுகளே மிச்சம்’ என்று காட்டியதும், முதலில் காட்டும் விலையில் 27.6 சதவீத முன்பதிவுக் கட்டணத்தைச் சேர்க்காமல் விட்டதும் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துபவை என்று 2019-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அந்த ‘1 சதவீதம்’ என்பதுதான் சாமர்த்தியம். அது அந்தத் தளத்தில் அப்போது கிடந்த டிக்கெட்டுகளின் கணக்கு. மைதானத்தின் கணக்கு இல்லை. அசல் கவுன்ட்டரில் டிக்கெட் இன்னும் கிடைத்துக்கொண்டிருந்தாலும் திரையைப் பார்ப்பவருக்கு எல்லாமே தீர்ந்துபோன மாதிரி இருக்கும்.

‘அதிகாரபூர்வம்’ என்ற சொல்லும் சும்மா வருவதில்லை. நிகழ்ச்சியின் பெயரைக் கூகுளில் தேடினால் மேலே வருவது விளம்பரம். அவசரத்தில் அதைத்தான் தட்டுவோம். மறுவிற்பனைத் தளத்தில் வாங்குகிறோம் என்பதே தெரியாமல் வாங்கியவர்கள் ஏராளம். 2019 ஜூலையில் கூகுள் வயாகோகோவின் விளம்பரங்களை நிறுத்திவைத்தது. சில மாதம் கழித்துத் திரும்ப அனுமதித்தது.

நம் நாட்டிலும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை இணையத் தந்திரங்களைப் பட்டியலிட்டு விதி வெளியிட்டது. பொய்யான அவசரம் காட்டுவதும், கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாகக் கடைசியில் சேர்ப்பதும் அதில் இருக்கின்றன. விதி இருக்கிறது. கடிகாரங்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

டிக்கெட் வந்தும் உள்ளே போக முடியாதது

இது தனிக் கதை. விற்பவர் யோக்கியர், டிக்கெட்டும் அசல், உங்களுக்கு மட்டுமே விற்றார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிகழ்ச்சி நடத்துபவர் அந்த டிக்கெட்டை ரத்துசெய்துவிடலாம். ‘மறுவிற்பனை செல்லாது’ என்று பெரும்பாலான டிக்கெட்டுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரனின் 2018 பிரிட்டன் நிகழ்ச்சிகளில் இது நடந்தது. மறுவிற்பனைக்குப் போன 10,000-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை நடத்தியவர்கள் ரத்துசெய்தார்கள். ரசிகர்களை அப்படியே தெருவில் விடவில்லை. மைதான வாசலில் தனிக் கவுன்ட்டர் போட்டு, அசல் விலையில் புது டிக்கெட் கொடுத்தார்கள். பழைய டிக்கெட்டில் செல்லாது என்று முத்திரை குத்தித் தந்தார்கள், அதைக் காட்டி மறுவிற்பனைத் தளத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்பதற்காக. நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லா நிகழ்ச்சிக்கும் இப்படி ஒருவர் மெனக்கெடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

நிகழ்ச்சியே கெட்டுப்போனாலும் இதே சிக்கல் வரும். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே நோய் வேறு: மறுவிற்பனை இல்லை, கூட்டத்தைச் சமாளிக்காத ஏற்பாடு. ஆனால் மறுநாளே டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரஹ்மான் அறிவித்தார். முதல் விற்பனையில் வாங்கியவருக்கு இப்படிக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. ரத்தான நிகழ்ச்சியின் பணம் வழக்கமாக எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பும். அதாவது, உங்களுக்கு விற்ற அந்த முகம் தெரியாதவருக்கு. நீங்கள் தளத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் இசை நிகழ்ச்சி டிக்கெட் மறுவிற்பனைக்கென்று தனி மத்தியச் சட்டம் இல்லை. ரயில் டிக்கெட்டுக்கு உண்டு: ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவு. கோல்ட்பிளே விவகாரத்துக்குப் பிறகு விதிமுறை வகுக்கக் கோரி பம்பாய் உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட பொதுநல மனு, இது சட்டமியற்றுபவர்களின் வேலை என்ற காரணத்தால் 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-வது பிரிவில், கும்பலாகச் சேர்ந்து செய்யும் சிறு குற்றங்களின் வரிசையில் ‘அனுமதியின்றி டிக்கெட் விற்பது’ என்ற சொற்கள் இருக்கின்றன. ஒரு தனி ஆள் தன் டிக்கெட்டை விற்பதை அது தொடாது.

வெளிநாட்டில் அயர்லாந்து துணிந்து முடிவெடுத்தது. 2021-ல் வந்த சட்டப்படி, பெரிய அரங்குகளின் நிகழ்ச்சிகளுக்கு அசல் விலைக்கு மேல் விற்பதே குற்றம். பிரிட்டனும் அதே வழியில் போகப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்கா 2016-ல் மென்பொருள் வைத்து அள்ளுவதை மட்டும் தடைசெய்தது. மறுவிற்பனை விலையை மத்தியச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. முதல் விற்பனையும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஓயசிஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் 2025 நிகழ்ச்சிகளுக்கு 2024 ஆகஸ்ட் கடைசியில் வரிசையில் நின்றவர்கள், 148 பவுண்டு டிக்கெட் தங்கள் முறை வரும்போது 355 பவுண்டு ஆகியிருந்ததைப் பார்த்தார்கள். அதை விற்றது தரகர் அல்ல, அசல் கவுன்ட்டரே.

அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

முதலில் கலைஞரின் சொந்தப் பக்கத்திலோ அரங்கின் பக்கத்திலோ இருக்கும் இணைப்பு வழியாகப் போங்கள். தேடுபொறி வழியாக வேண்டாம். டிக்கெட் தீர்ந்துவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்து, நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் அதே அசல் தளத்தைத் திரும்பப் பாருங்கள். மேடை அமைப்பு முடிவானதும், ஒதுக்கிவைத்திருந்த இருக்கைகளை விடுவிப்பது வழக்கம்.

மறுவிற்பனைதான் வழி என்றால், டிக்கெட்டை விற்ற அதே நிறுவனமே நடத்தும் மறுவிற்பனை வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் நடப்பது வேறு: பழைய கியூஆர் செத்துப்போய், உங்கள் பெயரில் புதியது பிறக்கும். ஒரே கட்டத்தை நாலு பேருக்கு விற்க வழியே இல்லை. டிக்கெட் விற்பனையிலும் இறங்கிய சொமேட்டோ 2024 செப்டம்பரில் இப்படி ஒரு வசதியை அறிவித்தது. பிடிஎஃப்பையோ ஸ்கிரீன்ஷாட்டையோ அனுப்பிவைக்கிறேன் என்பவரிடம் அந்தப் பாதுகாப்பு சுத்தமாக இல்லை.

இன்ஸ்டாகிராமிலோ டெலிகிராமிலோ ‘எனக்கு வர முடியவில்லை, அவசரமாக விற்கிறேன்’ என்பவருக்கு ஜிபே செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாமே பின் எண் போட்டு அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். ஏமாந்தது தெரிந்த உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு இருக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திருப்பக் கேட்கலாம். தளத்தின் மீதான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று, தளங்கள் தரும் ‘100 சதவீத உத்தரவாதம்’. அதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் டிக்கெட் காசு திரும்பும் என்பதுதான் அதன் முழு அர்த்தம். ரயில், அறை, எடுத்த லீவு எதுவும் அதில் வராது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டதற்கு ஆதாரம் வேறு கேட்பார்கள்.

அக்கா மகளிடமும் கேட்டார்கள். அரங்க நிர்வாகம் கையெழுத்திட்டுத் தந்த கடிதம் வேண்டுமாம். அன்று வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணனிடம் அப்படி ஒரு கடிதம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துச் சிரித்தோம். ஆனால் அவளுடைய தோழி, அழுகையும் எரிச்சலுமாக, ஸ்கேனர் திரையில் சிவப்பு எழுத்து தெரிய ஒரு செல்ஃபி எடுத்திருந்தாள்; பின்னால் கேட் எண், மூலையில் நேரம். அதைத்தான் அனுப்பினோம். ஏழு வாரம், பதினோரு மின்னஞ்சல். டிக்கெட் காசு வந்தது, சேவைக் கட்டணம் வரவில்லை.